மீன் இல்லாத தொட்டி

எங்கள் கல்யாணத்தில் நீரஜா வீட்டார் கொண்டுவந்த சீர்வரிசையில் வெள்ளிக் கூஜா, எவர்சில்வர் அடுக்கு, தையல் மிஷின் எல்லாம் இருந்தன. கூடவே ஒரு பிளாஸ்டிக் வாளியும் இருந்தது. வாளிக்குள் கடல் தண்ணீர், அதில் நாலைந்து பவளப்பாறைக் கற்கள், ஒரு கல்லின் மேல் ஒட்டிக்கொண்டு ஒரு கடல் சாமந்தி. பெயர்தான் சாமந்தி. பூ இல்லை, பிராணி. காப்பி டபரா அகலத்துக்கு, பழுப்பும் பச்சையுமாகக் கணக்கில்லாத விரல்களை விரித்துக்கொண்டு தண்ணீரில் ஆடும். ராமேஸ்வரம் ரயிலில் அந்த வாளியை மடியை விட்டு இறக்காமல் வந்து சேர்ந்த பெண்ணைத்தான் நான் கட்டிக்கொண்டேன். சித்தப்பா அதைச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பார்.

நீரஜா விலங்கியல் படித்தவள். மண்டபத்தில் கடல் ஆராய்ச்சி வேலையில் இருந்தவள். எனக்கோ மவுண்ட் ரோட்டில் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் நாற்காலி, மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் தாத்தா கட்டிய வீடு, வீட்டில் அம்மா. இந்த மூன்றையும் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் அவள் வேலையை விட்டாள். "பரவால்லை" என்றாள். அவள் அதைச் சொன்ன விதம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்த வேலையில் மிச்சமாக அவளிடம் இருந்தது வாளிக்குள் இருந்ததுதான். அது செத்துப்போனால் அவளிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது என்பதுதான் என் கவலை. மற்றபடி நான் ஒன்றும் ஜீவகாருண்யக்காரன் இல்லை. பூனை வந்தால் காலை நாற்காலிக்கு மேலே தூக்கிவைத்துக்கொள்கிற ஆசாமி.

ஹாலில் கண்ணாடித் தொட்டி வந்தது. சாந்தோம் கடற்கரையிலிருந்து சைக்கிள் கேரியரில் கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து கொட்டினேன். கடல் தண்ணீரைப் பற்றி அம்மா எதுவும் சொல்லவில்லை. சமுத்திரம் தீர்த்தம்தானே. ஆனால் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மருமகளை விசாரித்தாள்.

"ஏண்டிம்மா, இது என்ன சாப்பிடும்?"

"வெளிச்சம்மா."

"வெளையாடாதே."

"நெஜம்மாத்தான். இதோட உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கு. வெளிச்சம் பட்டா அந்தப் பாசி சர்க்கரை மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுக்கும். அதைச் சாப்ட்டுண்டு இது இருக்கும். கடல்ல கெடைச்சா இறாலும் சாப்பிடும். நம்மாத்துல அது முடியாது. நல்ல வெளிச்சம் இருந்தா அதுவே போறும்."

இறால் என்ற சொல் எங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் அதுதான் முதல் தடவை. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மாவோ அந்தப் பாசியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்போ உள்ளுக்குள்ளயே தளிகை நடக்கறதுங்கறே. நன்னா இருக்கே! நமக்கு மட்டும் ஏன் அடுப்படி?"

அன்றிலிருந்து அம்மாவுக்குத் தொட்டி மேல் ஒரு கண். பெருமாளுக்குச் சாதம் படைத்து அமுது செய்வித்து, காக்காய்க்குச் சாதம் வைத்து, அதற்குப் பிறகும் இலையில் உட்காராமல் ஹாலை எட்டிப் பார்த்து, "அதுக்கு லைட்டைப் போட்டாச்சோ?" என்று கேட்ட பிறகுதான் அம்மா சாப்பிடுவாள். வருகிறவர்கள் தொட்டியைப் பார்த்து "மீன் எங்கே?" என்று கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும். "மீன் எதுக்கு? அதான் அது இருக்கே" என்பாள்.

முதல் விளக்கு என் உபயம். அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றை டால்டா டப்பாவுக்குள் மாட்டித் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டேன். தண்ணீரெல்லாம் தங்கமாக மின்னியது. அசந்துபோய் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நீரஜா விரலை விட்டுப் பார்த்து, "தண்ணி சுடறது. இந்த மஞ்சள் வெளிச்சம் நமக்குத்தான் அழகு, பாசிக்குப் போறாது" என்றாள். என் முகம் விழுந்ததைப் பார்த்து, "டப்பா நன்னாப் பண்ணியிருக்கேள்" என்று ஒட்டுப்போட்டாள்.

பிறகு பாண்டி பஜாரில் இனாயத் பாயின் எலெக்ட்ரிக் கடைக்குப் போனோம். கல்யாணங்களுக்குச் சரம் சரமாகக் கலர் பல்பு கட்டுகிற கடை அது. மீன் தொட்டி என்று நான் வாயைத் திறந்ததுமே அவர் ஒரு பச்சை பல்பை எடுத்து எரியவிட்டார்.

"இத்தப் போடு சார், ஷோக்கா இருக்கும். சேப்பு வோணுமா, அதுவும் கீது."

"மீன் இல்லை பாய்."

"மீனு இல்லாத தொட்டிக்கு இன்னாத்துக்கு சார் லைட்டு?"

"உள்ள ஒரு பிராணி இருக்கு. அதுக்கு வெளிச்சம்தான் சாப்பாடு" என்றாள் நீரஜா.

இனாயத் பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். புதுசாகக் கல்யாணமானவன் என்பது என் சட்டையிலேயே தெரிந்திருக்க வேண்டும். "அப்போ டியூபு லைட்டுதாம்மா. நாலடில ரெண்டு கட்டிக்கினா ஃபுல் மீல்ஸு" என்றார்.

கடையில் இருந்த டியூப் லைட்டுகளை ஒவ்வொன்றாக எரியவிடச் சொல்லி நீரஜா தன் கையை அதற்கடியில் நீட்டிப் பார்த்தாள். ஒன்றில் கை மஞ்சள் பூசினாற்போல இருந்தது. ஒன்றில் சோகை பிடித்தாற்போல இருந்தது. கடைசியாக ஒன்று, நீலம் போட்டு அலசின வேஷ்டி மாதிரி வெளிச்சம். அதில் இரண்டை எடுத்துக்கொண்டாள். தொட்டிக்கு வெகு அருகே அவற்றைக் கட்டினோம். சாமந்தி இரண்டாம் நாளே விரல்களை நீட்டிப் படுத்தது. அம்மா ஓடிவந்து பார்த்து, "நன்னா பசியாறிடுத்து" என்றாள். ஒரு மாதம் வீடே சந்தோஷமாக இருந்தது.

அது எழுபத்து நாலாம் வருஷம். மின்வெட்டு என்றால் இன்றைக்கு இருப்பவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. இருக்கும்போது வோல்டேஜ் இருக்காது. டியூப் லைட் இரண்டு முனையிலும் சிவந்து, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் காட்டி, எரியாமலே உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட்டரைத் திருகித் திருகி என் கட்டை விரல் காய்த்துப்போனது. தொட்டியை ஜன்னலோரம் வைக்கலாமென்றால் எங்கள் ஜன்னல்கள் எல்லாம் பக்கத்து வீட்டுச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. மொட்டை மாடியில் வைத்தாலோ காலையிலேயே தண்ணீர் சாத்துமுது, அதாவது ரசம், கொதிக்கிற பதத்துக்கு வந்துவிடும்.

சாமந்தி வெளுக்க ஆரம்பித்தது. பச்சை போயிற்று, அப்புறம் பழுப்பும் போயிற்று. விரல்கள் குட்டையாகிச் சுருங்கி, டபரா அளவு இருந்தது எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. நீரஜா அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். தொட்டிப் பக்கம் போய் நிற்பாள், திரும்பி வந்து காய் நறுக்குவாள். ஒரு நாள் நறுக்கிக்கொண்டே அழுதாள். வெங்காயமும் இல்லை, புடலங்காய்தான்.

"நான் இறால் வாங்கிண்டு வந்துடறேன்" என்றேன் மெதுவாக. "டிபன் டப்பாவுல வெச்சுண்டு வரேன். இறாலும் சாப்பிடும்னு நீதானே சொன்னே, துளி போட்டாப் போறும். யாருக்குத் தெரியப் போறது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள். "அம்மா அதைத் தன் பிள்ளை மாதிரிப் பாத்துக்கறா. அவாளை ஏமாத்திண்டு எனக்கு இது உயிரோட இருக்க வேண்டாம். மண்டபத்துக்கே கொண்டுபோய் விட்டுடலாம்."

விட்டால் திரும்பி வராது. அவளும் அங்கிருந்து முழுசாகத் திரும்பி வருவாளா என்று எனக்கு பயமாக இருந்தது. அந்த பயத்தை அவளிடம் சொல்லாமல், "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

இதற்கு நடுவில் அம்மா ராத்திரிப் பலகாரத்தை விட்டுவிட்டாள். கேட்டால் ஏகாதசி என்பாள். ஒரே வாரத்தில் மூன்று ஏகாதசி வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். விடாமல் கேட்டபோது வெடித்தாள்.

"ஆத்துக்கு வந்த ஒரு ஜீவன் பட்டினி கெடக்கறதுடா. அதுக்கு எதிர்த்தாப்பல உக்காந்துண்டு என்னை இட்லி சாப்பிடச் சொல்றயா? எனக்கு எறங்காது. நீ சாப்பிடு, உனக்கு எறங்கும்."

எனக்கும் அன்று இறங்கவில்லை.

என் பள்ளித் தோழன் தனபாலன் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் காமிரா உதவியாளனாக இருந்தான். வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் ஒன்று அவனிடம் உண்டு. உள்ளங்கையில் அடங்கும், வெள்ளைக் குமிழ் ஒன்று இருக்கும், எவ்வளவு வெளிச்சம் விழுகிறதோ அவ்வளவு ஊசி நகரும். ஞாயிற்றுக்கிழமைக்கு அதைக் கடன் கேட்டேன்.

"மச்சி, ஹீரோயின் மூஞ்சிக்குப் புடிக்கிறதைப் போயி மீன் மூஞ்சிக்குப் புடிக்கப் போறியா?" என்றான்.

"மீன் இல்லைடா" என்றேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஞாயிறு உச்சிவேளையில் நானும் நீரஜாவும் மீட்டரை வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினோம். டியூப் லைட்டுக்கு அடியில் ஊசி சோம்பேறித்தனமாகக் கொஞ்சம் அசைந்தது. ஜன்னலோரம் அதுவும் இல்லை. கொல்லை நடையில் பரவாயில்லை. கூடம், சமையலுள், இடைகழி என்று எல்லா இடமும் ஆயிற்று. மிச்சம் இருந்தது பூஜை அறையான பெருமாள் உள் ஒன்றுதான்.

வீட்டின் பின்கட்டு ஓட்டுக் கூரை. பெருமாள் உள்ளில் விளக்கில்லாமலே ஆராதனம் பண்ண வேண்டுமென்று தாத்தா கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார். உச்சிவேளையில் அதன் வழியாக வெயில் இறங்கி நேராகக் கோவிலாழ்வார் மேல் விழும். கோவிலாழ்வார் என்பது சாளக்ராமங்களும் விக்ரகங்களும் எழுந்தருளியிருக்கிற மரப்பெட்டி. நான் ஏதோ விளையாட்டாகத்தான் கையை அங்கே நீட்டினேன். ஊசி சட்டென்று கடைசிக்கோட்டுக்குப் போய் முட்டி நின்றது.

நீரஜா அதைப் பார்த்தாள். மீட்டரை என் கையிலிருந்து வாங்கி அதன் முகத்தை மூடினாள்.

"வெளில வாங்கோ" என்றாள். "நாம இங்க பாக்கவே இல்லை."

திரும்பினால் வாசற்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் பெருமாளுக்கான சாதப் பாத்திரம்.

"ஊசி எங்க போச்சு?" என்று கேட்டாள்.

அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். நீரஜாவிடமிருந்து மீட்டரைக் கேட்டு வாங்கிக் கண்ணுக்கருகே பிடித்துக்கொண்டு, வெயிலுக்குள் கையை ஒரு தரம் நீட்டினாள், இழுத்தாள், மறுபடியும் நீட்டினாள். பிறகு அண்ணாந்து கண்ணாடி ஓட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பெருமாளுக்கு அமுது ஆகட்டும்" என்றாள். ஆயிற்று. "இப்போ அவரை எழுந்தருளப் பண்ணிண்டு போய் ஹால்ல வை. சாளக்ராமத்தை நான் தொடப்படாது, நீதான் பண்ணணும்."

நான் கோவிலாழ்வாரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தேன். "அம்மா, தாத்தா காலத்துலேர்ந்து அங்கதானே இருக்கார்?"

"இருந்தார். யார் இல்லேன்னா? ஆத்துக்கு விருந்தாளி வந்தா நாம என்ன பண்ணறோம்? உள்ளை அவாளுக்கு விட்டுட்டு ஹால்ல படுத்துக்கறோமோல்லியோ? அவர் இந்தாத்துக்காரர்டா. அவர்தான் எடம் விடணும். இருட்டுலயும் இருப்பார், வெளிச்சத்துலயும் இருப்பார். இதுனால இருட்டுல இருக்க முடியலையே!"

"வேண்டாம்மா" என்றாள் நீரஜா. "சொந்தக்காராள்ளாம் என்ன சொல்லுவா? நான் இதைக் கேக்கவே இல்லையே."

"நீ கேக்கலைடி. வேலையை விடச் சொன்னப்பவும் நீ ஒண்ணும் கேக்கலை. எனக்குத் தெரியாதா?"

நீரஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அவளைச் சமாதானம் பண்ணவில்லை. "உக்காராதே, வாளியெல்லாம் எடு. தண்ணியை எறைச்சாத்தான் தொட்டியைத் தூக்க முடியும்" என்று விரட்டினாள்.

பெருமாள் ஹாலுக்கு எழுந்தருளினார், இனாயத் பாயின் டியூப் லைட்டுகளுக்கு நேர் கீழே. தொட்டி பெருமாள் உள்ளுக்குப் போயிற்று. நகர்த்தி முடித்து, தண்ணீரைத் திரும்ப ஊற்றி, கற்களை அடுக்கியபோது வெயில் போய்விட்டிருந்தது. மறுநாள் காலையில் நான் ஆராதனம் பண்ணும்போது டியூப் லைட்டின் சோக் என்னோடு சேர்ந்து முனகியது. சித்தப்பாவுக்குச் சேதி போய், அவர் தெருவெல்லாம் கேட்கிற குரலில் கத்திவிட்டுப் போனார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை.

நான் அன்று ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். உச்சிவேளை நெருங்கியது. தளிகை ஆகி, பெருமாளுக்கு அமுதாகி, காக்காய்க்குச் சாதமும் வைத்தாயிற்று. நீரஜா வாழை இலையை எடுத்தாள். அம்மா, "இரு" என்று சொல்லிவிட்டுப் பெருமாள் உள்ளில் போய்த் தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாங்களும் போய் நின்றோம்.

வெயில் கண்ணாடி ஓட்டில் இறங்கி முதலில் தண்ணீரின் ஓரத்தைத் தொட்டது. பிறகு கற்களில் ஏறியது. பிறகு அந்த வெளுத்துச் சுருங்கிய எலுமிச்சம்பழத்தின் மேல் முழுசாக விழுந்தது. வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. எனக்குப் பசி காதை அடைத்தது, ஆனாலும் நகரத் தோன்றவில்லை. நீரஜா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு விரல் நீண்டது. அப்புறம் இன்னொன்று. ஓரத்தில் ஒரு கொத்து விரல்கள் மெல்லப் பிரிந்து, வெயில் இருந்த பக்கமாகச் சாய்ந்தன.

அம்மா எழுந்திருக்கவில்லை. வெயில் தொட்டியைக் கடந்து, தரைக்கு வந்து, சுவரோரம் ஒதுங்குகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்து, கண்ணைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"அது சாப்ட்டாச்சு" என்றாள். "நமக்கு இலையைப் போடு."