கரண்டு பில் என்ற ஃபோல்டர்

மூளை இருக்கிறவள் எவளாவது பூசைக்குக் கிளம்புகிற அவசரத்தில் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வாளா? நான் செய்தேன். மெயில் பெட்டி நிரம்பிவிட்டதே, பழையதையெல்லாம் தனியாகக் கட்டி வைப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். பாதியில் கரண்டு போனது. திங்கட்கிழமை திறந்தால் ஒரு ஃபோல்டரையும் காணோம்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் இன்டர்நெட் கடை. அந்த 1999-ஆம் வருடம் முப்பது வீடுகளுக்கு என் ஒரே முகவரிக்குத்தான் வெளிநாட்டு மெயில் வந்தது. வீட்டுக்கு ஒரு ஃபோல்டர். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவார்கள். வாசிக்க வராதவர்களுக்கு நான் வாசித்துச் சொல்வேன்.

மற்றது போயிருந்தால் ஏச்சு வாங்கிக்கொண்டு இருந்திருப்பேன். ‘கரண்டு பில்’ என்ற ஃபோல்டர் போனதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. அதில் இருந்தது பில் இல்லை. குவைத்தில் இருக்கும் ஹுமாயூன் தன் மனைவி தஸ்லிமாவுக்கு மட்டும் எழுதும் மெயில்கள். ஹுமாயூனின் அத்தா, அதாவது தகப்பனார், ஜெகபர் சாதிக் மகன் வீட்டுக்கு எழுதும் மெயிலைக் கேட்க வாராவாரம் வந்து என் பக்கத்தில் உட்காருவார். கடிதம் வாசிக்க வராவிட்டாலும் பெயர்களை எழுத்துக்கூட்டிவிடுவார். அதனால்தான் அந்தத் திருட்டுப் பெயர். சனிக்கிழமை வந்த மெயிலை அவளே முதலில் பார்க்கட்டும் என்று வாசிக்காமல் அதில் போட்டிருந்தேன். பெரிய நியாயஸ்தி நான்.

காலையிலேயே தஸ்லிமா வந்தாள். விசா கிடைத்துவிட்டது, மெயிலைப் பார் என்று மட்டும் ஹுமாயூன் போனில் சொன்னானாம். என்றைக்குக் கிளம்புவது, சென்னையில் யாரைப் பார்ப்பது எல்லாம் அந்த மெயிலில்தான் இருக்கிறதாம். வீட்டு போன் மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில், அதில் எதையும் விவரமாகக் கேட்க முடியாது. மூன்று வருடமாகப் புருஷன் முகம் பார்க்காதவள்.

“அது வரலைன்னா நான் எங்குட்டுப் போவேன், அனிதாக்கா?” என்றாள். கடை மாடியில் நடக்கும் தையல் வகுப்புக்கு அவள் ஏறிப்போனதைப் பார்த்து எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

சிவகங்கையிலிருந்து மெக்கானிக் லூர்து பிரகாஷ் வந்து சேரப் பத்து மணி. ஃபைல்கள் அழியவில்லை, மெயில் புரோகிராம் அவற்றை வேறு இடத்தில் தேடுகிறது என்றான். ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினான். அந்த நேரம் பார்த்து ஜெகபர் சாதிக் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கரண்டு பில் என்று ஒன்று வந்திருக்கிறது, உள்ளே பூராவும் ஹுமாயூன் பெயராக இருக்கிறதே என்றான் பிரகாஷ். பாவி, கத்தியே சொன்னான்.

பெரியவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தஸ்லிமாவுக்கு வந்தது என்று ஒப்புக்கொண்டேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“அவளுக்குத் தனியாவா எழுதுறான்?” என்றார். நாற்காலியைத் திரைப்பக்கம் நகர்த்திக்கொண்டு, “கடைசியா வந்ததை வாசி” என்றார்.

மாட்டேன் என்றால் இன்று சாயங்காலமே தஸ்லிமாவைக் கூப்பிட்டு விசாரிப்பார். வாசித்தேன். வெள்ளிக்கிழமை விமானம். டிக்கெட் சென்னை மண்ணடி ஏஜென்ட்டிடம். அடுத்த வரி வந்ததும் நிறுத்திவிட்டேன்.

‘உன் பாஸ்போர்ட்டு அத்தா பெட்டியில இருக்கு. அவுகள்ட்ட கேக்காத, தரமாட்டாக. தொழப் போற நேரம் பாத்து எடுத்துரு.’

பிரகாஷும் படித்துவிட்டான். தலையைக் குனிந்து ஏதோ வயரை நோண்டினான்.

“ஏன் நிப்பாட்டிட்டே?”

“உன் பாஸ்போர்ட்டு அத்தா பெட்டியில இருக்கு” என்று தொடங்கினேன். மீதியை நானே கட்டினேன். “அவுகள்ட்ட கேளு. நீ கேட்டா அத்தா தராம இருக்க மாட்டாக.”

பெரியவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரகாஷைப் பார்ப்பாரோ, அவனை வாசிக்கச் சொல்வாரோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கேட்டாத் தராம என்ன? மூணு வருசமா வீட்டுல ஒருத்தரும் கேக்கலயே” என்றார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவன் எழுதின அந்த வரிய இன்னொருக்கா வாசிம்மா.”

திரையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே, இல்லாததை இன்னொரு தடவை வாசித்தேன்.