கஞ்சி போன துணி

லாரிக்காரர் அந்தோணிமுத்து அந்த மூட்டையைக் கொண்டுவந்தபோது முகமது பாரூக் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டாம் வருஷம், மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்திருந்த சமயம். பேகம்பூரில் மெத்தை, தலையணை, குளிருக்குப் பஞ்சுப்போர்வை எது வேண்டுமென்றாலும் பாரூக் பாய் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவர் பஞ்சடிக்கும் வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தாடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"பாய், ஈரோட்டுல உங்க மக குடுத்துவிட்டுச்சு."

"எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. நான் வீட்டுக்குப் போகல. லாரி நிக்கிற எடத்துக்கே வந்து குடுத்துட்டுப் போயிருச்சு."

ஒரே மகள் சைதூன். ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த சிக்கந்தருக்கு அவளைக் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. கல்யாணம் முடிந்த மறுவருஷமே பாரூக்கின் மனைவி மவுத்தாகிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். காலையில் ஒரு உலை வைத்து வடித்தால் இரண்டு வேளைக்கு ஓடும். வெஞ்சனம் என்று தனியாக எதுவும் செய்வதில்லை. மெத்தைக்குச் சொல்ல யாராவது வந்தால் பேச்சு உண்டு. வராத நாளில் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய் சலாம் சொல்லும்வரை அவர் வாய் திறக்க வேண்டிய தேவையே இருக்காது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை மகளிடமிருந்து கார்டு வரும். இந்தத் தடவை மூட்டைக்குள் ஒரு தாள் இருந்தது. 'அத்தாவுக்கு சலாம். இத்துடன் துணி அனுப்பியிருக்கிறேன். இங்கே ஆற்றங்காற்று குளிராக இருக்கிறது. உங்கள் கையால் ஒரு பஞ்சுப்போர்வை தைத்துத் தாருங்கள். கடை நன்றாக நடக்கிறது. கவலைப்பட வேண்டாம்.'

தாளை மடித்து வைத்துவிட்டுத் துணியைப் பிரித்தார். சிவப்புப் பூப்போட்ட சீட்டித் துணி. பார்வைக்குப் பளபளவென்று, மொடமொடப்பாக இருந்தது. ஆனால் முப்பது வருஷமாகத் துணியைத் தொட்டுத் தொட்டுத் தேய்ந்த விரல்கள் அவருடையவை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தடவை கசக்கினார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. அவ்வளவும் கஞ்சி.

ஓரத்தில் ஒரு முழம் கிழித்துத் தண்ணீரில் முக்கினார். தண்ணீர் அரிசி களைந்ததுபோல் ஆனது. செத்த நேரத்தில் சிவப்பும் இறங்கியது. பிழிந்து உதறி வெளிச்சத்தில் பிடித்தபோது, துணி வழியாக எதிர்வீட்டுக் கதவும் அதன் நாதாங்கியும் தெரிந்தன. முழத்துக்கு இரண்டு விரல் சுருங்கியிருந்தது. இதில் பஞ்சை வைத்துத் தைத்தால் ஒரு மாதத்தில் பஞ்சு முழுக்க வெளியே வந்துவிடும்.

மீதித் துணியையும் கெஜம் கெஜமாகத் தள்ளிப் பார்த்தார். நடுவில் மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. ஓர் இடத்தில் பூ அச்சு ஒரு சாண் நீளத்துக்கு விழவே இல்லை. இப்படிப்பட்ட துணி கடை அலமாரிக்கு வராது. மில்லில் கழித்து, மூட்டை கட்டி, எடைக்குப் போட்டுவிடுவார்கள். அதை வாங்கிப் போய் வாரச்சந்தையில் சாக்கு விரித்துக் குவித்து வைத்துக் கூவி விற்பவர்கள் உண்டு.

பாரூக் துணியை மடியில் வைத்துக்கொண்டு மகள் எழுதிய தாளை மறுபடி எடுத்துப் படித்தார். கடை நன்றாக நடக்கிறவன் பெண்டாட்டி அப்பனுக்கு இந்தத் துணியை அனுப்புவாளா?

நாலு நாள் கழித்து அந்தப் பக்கம் வந்த அந்தோணிமுத்து, கொடியில் காய்ந்த துணியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது லாரிக் கண்ணாடி தொடைக்கத்தான் ஆகும் பாய். நாகல் நகர்ல நல்ல சீட்டி கெடைக்குமே. அதுல தைச்சுக் குடுங்க. மகளுக்குத்தானே?"

பாரூக்கும் அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் வேறு துணியில் தைத்து அனுப்பினால், உன் கடைத் துணி ஒன்றுக்கும் ஆகாதது என்று மருமகன் முகத்துக்கு நேரே சொன்னதுபோல் ஆகிவிடும். அந்தத் துணியிலேயே தைத்தால் மகள் குளிரில் கிடப்பாள்.

"பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் அவருக்கு ஒரு வழி பிடிபட்டது. துணி முழுவதையும் படிகாரமும் கல்லுப்பும் போட்ட தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்தார். இறங்குகிற சாயம் இறங்கட்டும், சுருங்குகிறது சுருங்கட்டும் என்று விட்டார். நைந்த இடங்களை வெட்டி எறிந்தார். பிறகு மெத்தை உறைக்கு வைத்திருந்த முரட்டுக் காடாத் துணியை நனைத்துக் காயவைத்து, அதில் ஒரு பை தைத்து, உள்ளே பஞ்சைப் பரப்பினார். பூத்துணியை அந்தப் பைக்கு மேலேயும் கீழேயும் போர்த்தி, ஒரு விரல் அகலத்துக்கு ஒரு வரிசையாக நெருக்கி நெருக்கிக் கையாலேயே தையல் போட்டார். வெளியே பார்க்கிறவர்களுக்குச் சிவப்புப் பூ மட்டும்தான் தெரியும். பாரம் தாங்குவது காடா. பூத்துணி அதன்மேல் சும்மா படுத்துக்கிடக்கும்.

பத்து நாள் வேலை. இந்தத் தடவை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு, ஈரோட்டுக்குப் போகக் கரூர் பஸ்ஸில் ஏறினார்.

வேடசந்தூர் தாண்டும்போதுதான் தன் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்ததை அவர் சரியாகக் கவனித்தார். மகளைக் கூட்டிவந்தால் பின்கட்டு அறையைக் கொடுக்கலாம், மருமகனும் வரட்டும், கூட இருந்து மெத்தை வியாபாரம் பார்க்கட்டும், சாயந்தரம் வீட்டில் விளக்கேற்ற ஆள் இருக்கும் என்று வரிசையாக யோசித்துக்கொண்டே வந்திருக்கிறார். கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த அறையைக் கூட்டிக் கழுவியும் விட்டிருந்தார். மகள் கஷ்டப்படுகிறாள் என்று தெரிந்ததில் ஒரு பக்கம் தனக்குச் சந்தோஷம் இருக்கிறது என்பது புரிந்ததும் அவருக்குக் கூசியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

ஈரோட்டில் காவிரிக் கரையை ஒட்டிய ஒரு சந்தில், வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் கடைசி வீடு. கார்டில் எழுதியிருந்த விலாசத்தை இரண்டு பேரிடம் விசாரித்துக் கண்டுபிடித்தார். சைதூன் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே எழுந்து நின்றாள். மெலிந்திருந்தாள்.

"அத்தா. சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க."

"போர்வை முடிஞ்சுருச்சு. கொண்டாந்தேன்."

உள்ளே ஒரே அறை. மூலையில் அடுப்பு. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"மாப்ளே எங்க? கடையிலயா?"

அவள் சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். "கடை இல்லத்தா. ஆடி மாசம் தீப்பிடிச்சுருச்சு. பக்கத்துக் கடையில வெளக்குச் சாஞ்சு, வரிசையா மூணு கடையும் போச்சு. இப்ப சந்தையில வெட்டுத்துணி விக்கிறாக."

"அஞ்சு மாசமா எனக்கு ஒரு வார்த்தை எழுதல."

"எழுதி என்னத்தா செய்ய? நீங்க அங்க ஒத்தையில இருக்கீங்க. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டீங்க. சோறு திங்காம இதையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பீங்க."

"அப்புறம் எதுக்கு அந்தத் துணிய அனுப்புன?"

சைதூன் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "கார்டுல எழுத உக்காந்தா கை வரல. கடை நல்லா நடக்குதுன்னுதான் எழுத வருது. துணியத் தொட்டா உங்களுக்குத் தெரிஞ்சுரும்னு தோணுச்சு. அதான் அனுப்புனேன்."

பாரூக் எழுந்து வாசல்வரை போனார். திரும்பி வந்து, பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னார். பின்கட்டு அறையைச் சொன்னார். அங்கே வேலைக்குக் குறைவில்லை என்றார். "ரெண்டு பேரும் பொறப்படுங்க. நாளைக்கே போயிரலாம்."

அவள் தலையை ஆட்டினாள். "அவுக வரமாட்டாக அத்தா. மாமனார் வீட்டுல உக்காந்து சாப்பிடுற மனுசன் இல்ல. அவுகள விட்டுட்டு நான் வர முடியுமா?"

"கொஞ்ச நாளைக்கு?"

"கொஞ்ச நாளைக்கும் முடியாதுத்தா."

அவள் குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. அதனால்தான் மறுபடி கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் சிக்கந்தர் வந்தான். தோளில் விற்காத துணி மூட்டை. மாமனாரைப் பார்த்ததும் அந்த மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே தயங்கினான்.

"வாங்க மாமா. எப்ப வந்தீங்க? உடம்பு சௌக்கியமுங்களா?"

"சௌக்கியந்தான் மாப்ளே. மூட்டைய எறக்குங்க."

சைதூன் போர்வையை விரித்து வைத்திருந்தாள். சிக்கந்தர் அதன் ஓரத்தைக் கையிலெடுத்து, தையலைத் தடவி, இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தான்.

"இது நம்ம துணியா மாமா? எனக்கே அடையாளம் தெரியலீங்களே."

"அதேதான். கஞ்சிய எடுத்துட்டேன். உள்ள காடா இருக்கு."

"கிழியாதுங்களா?"

"மேல இருக்கிறது மூணு நாலு வருசத்துல நைஞ்சு போகும். காடா அப்பிடியே இருக்கும். அது மேல வேற துணியப் போட்டுத் தைச்சுக்கலாம்."

சிக்கந்தர் போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். "கெஜக் கணக்குல விக்கப் போனா யாரும் சீந்த மாட்டேங்கறாங்க. இதையே போர்வையாத் தெச்சு விரிச்சு வெச்சா, பொள்ளாச்சிச் சந்தைக்கு வர்ற மலைக்காரங்க வாங்குவாங்க. உனக்குத் தெக்கத் தெரியுமா?"

"மெத்தைக்காரர் மகளுக்குத் தெரியாதா?" என்றாள் சைதூன். பாரூக் வந்ததிலிருந்து அவள் முகத்தில் சிரிப்பு வந்தது அப்போதுதான்.

பாரூக் அங்கே பன்னிரண்டு நாள் தங்கினார். விடிந்ததும் துணி மூட்டையோடு ஆற்றுக்குப் போய்விடுவார். கஞ்சி போக அலசி மணலில் காயப்போடுவார். சிக்கந்தர் காடாவும் பஞ்சும் வாங்கிவருவான். மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சைதூன் தையல் போடுகிற வேகத்தைப் பார்த்தால் அவள் அம்மாவைப் பார்த்ததுபோலவே இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. அவர் படுக்க இடம் வேண்டுமென்று அறைக்குக் குறுக்கே கயிறு கட்டி, ஒரு சேலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். தையல் வரிசையைக் கொஞ்சம் எட்டிப் போட்டதால் ஏழு போர்வைகள் தயாராகி, முதல் சந்தையிலேயே ஆறு விற்றுவிட்டன.

விற்றுவிட்டு வந்த சிக்கந்தர், "மாமா, நீங்க இங்கேயே இருந்துருங்க" என்றான். மனசாரத்தான் சொன்னான். சைதூனும் அப்பா முகத்தைப் பார்த்தாள். பாரூக் அந்தச் சேலையைப் பார்த்தார். இன்னும் ஒரு மாதம் அது அங்கே தொங்கினால் இரண்டு பேருக்கும் எவ்வளவு இடைஞ்சல் என்பது அவருக்குத் தெரியாதா?

"அங்க நாலு மெத்தை சொல்லிவச்சிருக்காக. போகலேன்னா வேற ஆளப் பாத்துருவாக" என்றார். அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை.

திரும்பும்போது கரூரில் பஸ் மாற வேண்டியிருந்தது. நிழலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"ஏனுங்க, எங்க போயிட்டு வர்றீங்க?"

"மக வீட்டுக்கு."

"நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா" என்றார் பாரூக். அது உண்மை.

தை முடிவதற்குள் சைதூன் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைத் தையலுக்குச் சேர்த்துக்கொண்டாள். பங்குனியில் சிக்கந்தர் சந்தில் கடை போட ஒரு சின்ன இடம் பிடித்துவிட்டான். பதினைந்து நாளுக்கு ஒன்றாக வந்த கார்டு மாதம் ஒன்றானது. பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒன்று. 'வேலை நெருக்கடியாக இருக்கிறது அத்தா, கோபித்துக்கொள்ளாதீர்கள்' என்று எழுதியிருந்தாள். அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். இந்தத் தடவை அவள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது.

பதில் எழுத உட்கார்ந்தார். சலாம் எழுதினார். தான் சுகம் என்று எழுதினார். மருமகனுக்கு சலாம் சொல்லச் சொன்னார். கார்டில் முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். பிறகு, காடாவை நனைத்துக் காயவைக்காமல் வெட்டாதே என்று எழுதினார். மழைக்காலத்தில் பஞ்சைத் தரையில் போட்டு வைக்காதே என்று எழுதினார். சிவப்புத் துணியை மஞ்சள் துணியோடு சேர்த்து ஊறவைக்காதே, ஊசி துருப்பிடித்தால் உடனே மாற்று, ஓரத் தையலை மட்டும் வேறு யாரிடமும் கொடுக்காமல் நீயே போடு என்று எழுத்தை நுணுக்கி நுணுக்கி எழுதிக்கொண்டே போனார். அவளுக்கு இதெல்லாம் தெரியும். விலாசம் எழுதும் பக்கம் வரை இடம் தீர்ந்த பிறகுதான் அவர் பேனாவை மூடினார்.