கூப்பிட்டும் கேளாத செயற்கைக்கோள்

பாம்பன் மீனவர் எட்வர்டின் மகள் வேளாங்கண்ணி, பல்கலைக்கழகத்தில் மற்ற மாணவர்களோடு நான்கு வருடம் பாடுபட்டு ஒரு சின்னச் செயற்கைக்கோளைக் கட்டினாள். நடுக்கடலில் தவிப்பவர்கள் படகிலுள்ள கருவியை அமுக்கினால், மேலே போகும் செயற்கைக்கோள் அதைக் கேட்டுக் கரைக்குச் சொல்லும். முதல் கருவியை அய்யாவின் படகான வல்லத்தில்தான் பொருத்தினாள்.

செயற்கைக்கோள் ஏறியது, நன்றாகவே கேட்டது. அந்த நேரம் பார்த்து அக்கரையில் சண்டை முற்றியது. எல்லைக் கடலுக்கு மேல் வரும்போதெல்லாம் அதன் காதை அடைத்துவிடும்படி, திட்டத்தை நடத்திய பேராசிரியருக்கு மேலிடத்து உத்தரவு வந்தது.

"ஆபத்துன்னு கூப்பிடுறவங்களுக்கு என்ன சார் பதில்?" என்றாள் வேளாங்கண்ணி.

"மறுத்தா சாட்டிலைட்டையே மூடிடுவாங்கம்மா. வெளியில யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

கட்டளையை அவளே தட்டி அனுப்பினாள்.

அடுத்த வாரமே எட்வர்டின் இன்ஜின் கடலில் நின்றுபோனது. வல்லத்தை நீரோட்டம் எல்லைக் கடலுக்குள் இழுத்துப் போனது. பல நாள் கழித்து வேறொரு படகு வந்து மீட்டபோது, கூடப் போன அவருடைய தம்பி சவேரியார் தாகத்தில் இறந்துபோயிருந்தார்.

அடக்கத்துக்கு வந்த மகளிடம் எட்வர்ட் கேட்டார்: "வெரலு மரத்துப்போற வரைக்கும் அமுக்குனேன் தாயி. ஒஞ் சாமான் கெட்டுப்போச்சோ?"

"கெடலய்யா. அணைக்கச் சொன்னாக. நாந்தான் அணைச்சேன்."

எட்வர்ட் எழுந்து போனார்.

அந்த வருடம் செயற்கைக்கோளுக்குப் பரிசு கிடைத்தது. பேப்பரில் மகளின் படத்தைப் பார்த்துவிட்டு யாராவது விசாரித்தால், "அது பாட்டுக்கு மேல சுத்துது, நமக்கென்ன?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.