செம்பு அண்டாவும் நெட்டைக் கடிகாரமும்

டிகரியைப் புதைத்த மண் காய்வதற்குள் அவன் தம்பி ஹன்னிபால் உதவிக்கு என்று வந்து நின்றான். ஒரு கையில் ஆப்பிள் காடிப் புட்டி, மறு கையில் ஒரு சட்டி ஆற்று மணல்.

"இன்னிக்குப் பண்ணைக் காரியஸ்தர் வர்றாரு அண்ணி. வீடு இப்படியா கிடக்கறது? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

சொல்லிக்கொண்டே நேராக அடுக்களைக்குப் போனான். அங்கே டிகரியின் மனைவி தாம்சினின் பெரிய செம்பு அண்டா இருந்தது. விடிந்ததும் அவள் அதன்மேல் கரியும் பன்றிக்கொழுப்பும் பூசி, உள்ளே வைக்கோல் பரப்பி, அடைகாக்கும் கோழியையும் உட்கார்த்தியிருந்தாள். ஹன்னிபால் கோழியைத் தூக்கி அவள் மடியில் வைத்தான். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தான்.

அவன் தேய்ப்பதன் அர்த்தம் அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பண்ணையில் குடியானவன் ஒருவன் இறந்தால் அவனுடைய மாடு குதிரைகளில் சிறந்ததைப் பண்ணை ஓட்டிக்கொண்டு போகும். கால்நடை இல்லாத வீடென்றால் சாமான்களில் சிறந்ததைத் தூக்கிக்கொண்டு போகும். உயிலில் என்ன எழுதியிருந்தாலும் பண்ணை எடுத்தது போகத்தான் மற்றவர்களுக்கு. டிகரி படுக்கையில் கிடந்த குளிர்காலத்திலேயே பசு போய்விட்டது. மிஞ்சியதில் கண்ணை உறுத்தும் சாமான்கள் இரண்டுதான். ஒன்று அவள் பீர் காய்ச்சி விற்கும் இந்த அண்டா. மற்றது, மாமனார் எக்ஸீட்டரிலிருந்து வைக்கோல் சுற்றி வண்டியில் கொண்டுவந்த நெட்டைக் கடிகாரம். அண்டாவை மனைவிக்கும் கடிகாரத்தைத் தம்பிக்கும் என்று டிகரி எழுதியிருந்தான். உயிலைப் பாதிரியார் வாசிக்கும் முன்பே அவள் வாசித்தாயிற்று. எழுதும்போது எழுத்துத் தவறிய இடங்களை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

கடிகாரம் போனால் ஹன்னிபாலுக்கு மணி தெரியாது, அவ்வளவுதான். அண்டா போனால் அவளுக்குப் பிழைப்புப் போயிற்று. ஏழை என்று காட்டும் துணி வில்லையைத் தோளில் தைத்துக்கொண்டு, சபை தர்மத்துக்குத் தேவாலய வாசலில் நிற்க வேண்டியதுதான்.

கோழியை வெளியே விட்டுவிட்டு அவள் திரும்பியபோது அண்டா சூரியன் மாதிரி தகதகத்தது. கூடத்தில் கடிகாரம் நின்றுபோயிருந்தது. அதன் முகத்தில் அவளுடைய கரியே அப்பியிருந்தது. ஹன்னிபாலின் கோட்டுப் பையில் ஏதோ கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அண்டாவில் கரி பூசியது யார் என்ற பேச்சும் வரும்.

மதியத்துக்கு முன் காரியஸ்தர் ஸ்நெல் வந்தார். கூடவே, சாமான்களுக்கு மதிப்புப் போட அக்கம்பக்கத்தார் இருவர்: கூரை வேயும் ஜெத்ரோ, கொல்லர் ஓபதியா. வழக்கப்படி எது சிறந்தது என்று கடைசியில் சத்தியம் செய்து சொல்ல வேண்டியவர்கள் அந்த இருவர்தான். இறகு மெத்தையை அமுக்கிப் பார்த்தார்கள், ஈயத் தட்டுகளைத் தட்டிப் பார்த்தார்கள், கடிகாரத்தின் முன் வந்து நின்றார்கள்.

"அது வெறும் பெட்டி ஐயா," என்றான் ஹன்னிபால். "ஓடறதில்ல. உள்ள பூரா புழு அரிச்சுப்போச்சு."

ஜெத்ரோ தாடையைச் சொறிந்தார். "இப்படி ஒரு கடிகாரம் பிஷப் வீட்டுலகூட இல்லன்னு போன பெந்தெகொஸ்தே திருநாள் அன்னிக்குச் சொன்னியேப்பா?"

"அன்னிக்குக் குடிச்சிருந்தேன்."

"யாரு வீட்டு பீரு?"

"அண்ணி காய்ச்சினதுதான். அந்த அண்டாவுல. அதுல தண்ணிய ஊத்தினாலே பீராயிடும், அப்பேர்ப்பட்ட அண்டா. வந்து பாருங்க ஐயா."

ஸ்நெல் அடுக்களைக்குள் போய் அண்டாவை விரல் முட்டியால் தட்டினார். அது தேவாலய மணி போல ஒலித்தது. காரியஸ்தரின் கை அண்டாவின் விளிம்பிலேயே தங்கிவிட்டது. இனிக் கடிகாரத்தைப் புகழ்ந்து பயனில்லை. விதவை எதைப் புகழ்கிறாளோ அதை விட்டு மற்றதை எடுக்கும் அளவுக்கு அவருக்கு அனுபவம் உண்டு.

அவள் இடுப்பில் கட்டிய வேலைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கொழுந்தனார் சொல்றது வாஸ்தவம்தான் ஐயா. அந்தக் கடிகாரத்துல மாமனார் நல்லா ஏமாந்துட்டாரு. யாரோ ஊர்சுத்தி வியாபாரி தலையில கட்டிட்டான். எங்க வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

டிகரி அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடவுளிடம் சொல்ல வேண்டியவற்றோடு அதையும் சேர்த்துக்கொண்டாள்.

ஹன்னிபாலின் காது சிவந்தது. "யாரு ஏமாந்தது?"

"பாவம், வயசான மனுஷன். அவருக்கு என்ன தெரியும்?"

"எங்கப்பாவுக்கா தெரியாது?"

"விடுங்க கொழுந்தனாரே. வெளியாளுங்க முன்னாடி எதுக்கு? முகப்புல நிலா வரைஞ்சிருக்குன்னு காட்டியிருப்பான், வாங்கிட்டாரு. அந்த நிலா ஒருநாளாவது நகர்ந்திருக்கா?"

"நகரலையா? ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வட்டமா வந்து நிக்குது, நகரலைங்கறீங்க. எக்ஸீட்டர்ல கடையிலேயே உக்காந்து, ராத்திரி பூரா ஓட விட்டுப் பார்த்து வாங்கின மனுஷன் ஐயா எங்கப்பா!"

ஸ்நெல் அண்டாவிலிருந்து கையை எடுத்தார். "ஓடறதில்லன்னு சொன்னே?"

ஹன்னிபால் காதில் அது விழவே இல்லை. கூடத்துக்குப் போய், முழங்கைத் துணியால் கரியைத் துடைத்தான். பெட்டிக் கதவைத் திறந்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் கோட்டுப் பையிலிருந்தே கடிகாரத்தை ஓட்டும் எடைக்குண்டை எடுத்து மாட்டினான். ஊசலைத் தள்ளிவிட்டு, முள்ளை நகர்த்தினான். கடிகாரம் கணீரென்று பன்னிரண்டு அடித்தது. முகப்பில் நிலா, அன்றைய வானத்து நிலாவைப் போலவே, துல்லியமாகப் பாதியில் நின்றது.

"பாருங்க ஐயா. இந்தத் தாலுகா பூரா தேடுங்க. இதுக்கு ஈடா ஒண்ணு காட்டுங்க. ஏமாந்தாராம்!"

"காட்ட முடியாதுதான்," என்றார் ஓபதியா மெதுவாக.

"அப்ப இந்த வீட்டுல இதுதான் சிறந்ததா?" என்று கேட்டார் ஸ்நெல்.

"சத்தியமா இதுதான்," என்றார் ஜெத்ரோ. "அந்தப் பையனே சொல்லிட்டானே."

ஹன்னிபால் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தபோது ஓபதியாவும் சத்தியம் செய்து முடித்திருந்தார்.

வெளியே வண்டியோடு காத்திருந்த பண்ணை ஆட்கள் வந்து கடிகாரத்தைப் படுக்க வைத்து நான்கு பக்கமும் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். நீளப் பெட்டியைத் தோளில் பார்த்ததும், சவ ஊர்வலத்துப் பழக்கத்தில் ஜெத்ரோ தொப்பியைக் கழற்றிவிட்டார். பிறகு விஷயம் புரிந்து மாட்டிக்கொண்டார்.

வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகும் ஹன்னிபால் போகவில்லை. அடுக்களைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, எங்கப்பா ஏமாறல."

"இல்ல கொழுந்தனாரே. ஊரே சத்தியம் பண்ணியாச்சே."

"நீங்க வேணும்னுதான் சொன்னீங்க."

"நீங்க வேணும்னுதான் தேய்ச்சீங்க. அது போகட்டும், இவ்வளவு சுத்தமா நான்கூட ஒருநாளும் தேய்ச்சதில்ல."

அவன் அண்டாவைத் திரும்பிப் பார்த்தான். உதட்டோரம் லேசாக இழுத்தது. "எல்லாரும் பார்க்க என் பையிலிருந்தே குண்ட எடுத்தேனே. அண்ணன் மட்டும் இருந்திருந்தா சிரிச்சே செத்திருப்பான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

அடுப்போரம் காலி நாற்காலி கிடந்தது. அன்று பூராவும் ஒவ்வொரு கூத்துக்கும் தாம்சினின் கண் தானாக அந்தப் பக்கம்தான் போயிருந்தது. இப்போதும் போயிற்று. முதலில் சிரித்தது அவள்தான். அழுகையும் கூடவே வந்தது, அதை அவள் தடுக்கவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"போய்த் தண்ணி எடுத்துட்டு வாங்க. அண்டா நிறையணும்."