ஏழாவது பொத்தான்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் பெட்டிக்குள் போட்டு மூடினால்தான் நிம்மதி. இப்போது பேச்சையும் போட ஆரம்பித்துவிட்டார்கள். இப்படி முணுமுணுத்துக்கொண்டே கிழவர் அக்காவின் சக்கர நாற்காலியைத் தள்ளினார்.

“வாயை மூடிட்டுத் தள்ளுடா,” என்றாள் அக்கா.

பண்பாட்டு மையத்தின் கூடத்தில், சுவரோரமாகப் பதினொரு பொத்தான்கள். சுற்றுவட்டாரத்தில் பேசுகிற பதினொரு மொழிக்கும் தலா ஒன்று. அழுத்தினால் அந்த மொழியில் ஒரு பாட்டு வரும். ஏழாவது, கிழவருடைய மொழி. அதை முழுசாகப் பேச அவரும் அக்காவும்தான் மிச்சம். பிள்ளைகளுக்குத் ‘தண்ணி’, ‘தூங்கு’ தாண்டி ஒன்றும் தெரியாது.

கிழவர் நாற்பது வருஷம் கிடங்கில் பாரம் தூக்கியவர். செத்துப்போன அண்ணன் கட்டிய பாட்டு ஒன்று அவரிடம் இருந்தது. எட்டுப் பேர் ஒரே மூச்சில் ஒரு இயந்திரத்தை நகர்த்துவதற்கான பாட்டு. ஒரு சொல், ஒரு உறுமல், மூச்சு வாங்க இடைவெளி, மறுபடி ஒரு சொல். எதற்கும் மசியாத மனுஷன், அண்ணன் பாட்டாவது நிற்கட்டுமே என்று போன மாதம் வந்து பாடிக்கொடுத்தார். அதைக் கேட்கத்தான் அக்கா காலையிலேயே தலை சீவிக் காத்திருந்தாள்.

அக்கா பொத்தானை அழுத்தினாள். கிழவரின் குரல் அவர்கள் மொழியில் கூடம் அதிர வந்தது.

“நாற்காலியா இது? ஆணி குத்துது! மேல காத்தாடி, கீழ புழுக்கம்! அந்த மைக் கம்பியை மூஞ்சிக்கு நேரா நீட்டாதடா, மூக்குல இடிக்குது!”

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் சுவரில் எழுதியிருந்ததைப் புருஷனுக்குப் படித்துக்காட்டினாள்: “மழையை வரவேற்கும் தொன்மையான பாடல்.” புருஷன் கண்ணை மூடிக் கேட்டார்.

கிழவர் ஒலிப்பதிவுக்காரரைத் தேடிப் பிடித்துவிட்டார்.

“யோவ், என் பாட்டு எங்கய்யா?”

“இதுதானே ஐயா? தாளம் எவ்வளவு அழகா விழுது!”

“ஆணியைத் திட்டினேன்யா அது!”

அந்த மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை. “அப்போ நடுவுல செருமிச் செருமி ஏதோ சொன்னீங்களே…”

“அதான்யா பாட்டு!”

“தொண்டையைச் சரி பண்றீங்கன்னு நினைச்சு வெட்டிட்டேனே.”

“வெட்டினதை எடு.”

“அழிச்சாச்சு ஐயா.”

கிழவர் திட்ட வாயெடுத்தார். அதற்குள் பின்னால் அதே வசவு மறுபடி கேட்டது. திரும்பினால், அக்கா கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்படியே அப்பா திட்ற மாதிரியே இருக்குடா! இதைக் காதால கேட்டு எத்தனை வருஷம்!”

“ஏன், நான் தினமும் உன்கிட்ட பேசலையா?”

“எங்க பேசறே? மாத்திரை போட்டியான்னு கேக்கறே. அதையும் இவங்க பாஷையில.”



“நாளைக்கு வந்து மறுபடி பாடுங்க ஐயா, இதை எடுத்துட்டுப் பாட்டை வெச்சிடறேன்,” என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

“எடுத்துப் பாரு, கையை ஒடிச்சிடுவேன்,” என்றாள் அக்கா. “பாட்டுக்குத் தனியா இன்னொரு பொத்தான் வை.”

“போக்கா. ஒரு தடவை பாடினேன், செருமல்னுட்டான். இன்னொரு தடவை பாடினா தும்மல்னுவான்.”

“அண்ணன் பாட்டுடா.” அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

கிழவர் ஒலிப்பதிவுக்காரரிடம் விரலை நீட்டினார். “நாளைக்கு எட்டு ஆள் கொண்டா. கனமா ஒரு சாமான் கொண்டா. எட்டுல நீயும் ஒருத்தன். தூக்கிப் பாரு, அது செருமலா பாட்டான்னு உன் இடுப்புக்குத் தெரியும்.”

ஒலிப்பதிவுக்காரர் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். அக்காவைச் சுற்றி நாலு பேர் கூடி, ஒவ்வொரு வசவுக்கும் அர்த்தம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் இப்போதைக்குக் கிளம்புகிறவளாகத் தெரியவில்லை.

எழுதிக் கிழிச்சான், என்று முணுமுணுத்துக்கொண்டே கிழவர் வாசலைப் பார்த்து நடந்தார். திட்டைக் கண்ணை மூடி ரசிக்கிற ஜனம், பாட்டை மட்டும் காப்பாற்றிவிடுமாக்கும்.