டேப்பின் மறுமுனை

அனந்தகிருஷ்ணன் வீட்டு பிளான் வரைபவன். கல்யாணமான நாலு வருடமாக, அவன் அளக்கப் போகும் வீடுகளுக்கெல்லாம் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அவன் மனைவி கோமளவல்லியும் போவாள். பாலராமபுரம் வரை, சில நாள் அம்பூரி மலை வரை. அடுக்களையையும் மாமியாரையும் விட்டு அவள் வெளியே வரும் நேரம் அதுதான்.

தொண்ணூற்றாறில் மஸ்கட்டிலிருந்து வந்த சினேகிதன் அவனுக்கு ஒரு லேசர் கருவி கொடுத்தான். பட்டனை அமுக்கினால் எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி விழும். ஒளி போய்த் திரும்புவதை வைத்துக் கருவியே தூரத்தைக் காட்டிவிடும்.

“இனி நீ வெயில்ல அலையாண்டாம் கோமளம். இதுக்கு ஒராள் போதும்,” என்றான். அன்பாகத்தான் சொன்னான். அவளுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

கருவியோடு அவன் தனியாகப் போன முதல் வேலை திருப்புறத்தில் ஒரு வீடு. அன்று மாலையே வரைய உட்கார்ந்தவன் மூன்று தடவை அழித்தான். அறைகளைக் கூட்டினால் வீட்டின் வெளிநீளத்துக்கு மூன்றடி குறைந்தது.

“மெஷின் கேடாக்கும்.”

கோமளவல்லி அதை வாங்கி அடுக்களையை அளந்தாள். பிறகு டேப்பால் அளந்தாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

“படுக்கையறையில எங்க நின்னு அளந்தீங்க?”

“சுவத்தோட சேந்து கட்டில் கிடந்துதில்லா, அதுக்கு இப்புறம். மெஷினை நெஞ்சோட சேத்துப் பிடிச்சேன்.”

“அப்போ உங்க நெஞ்சுல இருந்துதான் அளவு வந்திருக்கு. அடிப்பாகம் சுவத்துல முட்டண்டாமா? கட்டில்ல ஏறியிருக்கலாமில்லா?”

“எப்பிடி ஏற? அந்த வீட்டுப் பொண்ணுக்க மாப்பிள்ளை துபாயில. அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு முழிக்குது. மெத்தை முழுக்க அவளுக்க துணி. பட்டனை அமுக்கிட்டு ஓடி வந்தேன்.”

“உங்க வெப்ராளத்தையும் பதட்டத்தையும் பாரு!” என்று சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். இந்தப் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில்தான். அந்த அறைகளுக்குள் அவள் முதலில் நுழைந்ததால்தான் இத்தனை நாளும் அவனால் கூச்சமின்றி நுழைய முடிந்திருக்கிறது. இருவருமே இதை யோசித்ததில்லை.

“நாளைக்கு நான் போறேன்.”

“செரி, ரெண்டு பேருமாட்டு...”

“நீங்க இருந்து வரையுங்க. அளவு நான் கொண்டு வாறேன்.”

“தனியாட்டா? அம்மை என்ன சொல்லுவா?”

“அம்மைக்கிட்ட நீங்கதான் சொல்லணும். எனக்கு ஏழேகாலுக்கு பஸ் உண்டு.”

பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது மனதை என்னவோ செய்தது. ஆனால் திருப்புறத்தில் அந்தப் பெண்ணே துணிகளை ஒதுக்கித் தந்தாள். கோமளவல்லி கட்டிலில் ஏறி, கருவியைச் சுவரோடு பொருத்தி அமுக்கினாள். “சேச்சி, சாயா எடுக்கட்டா?” என்றாள் அந்தப் பெண்.

மதியம் திரும்பியபோது அனந்தகிருஷ்ணன் வாசலிலேயே நின்றிருந்தான். அவள் அளவுக் காகிதத்தை நீட்டினாள்.

“அம்மைக்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். காலையில இருந்து எங்கிட்டப் பேசல்ல,” என்றவன், குரலைத் தாழ்த்தி, “நாளைக்கு நெய்யாற்றின்கரையில ரெண்டு வீடு உண்டு,” என்றான்.