நீல ரிப்பன் மண்டபம்

டெலியா காரஹனின் மதுக்கடை வாசலில் ஏழெட்டுப் பணக்காரச் சீமாட்டிகள் மண்டியிட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முழங்காலுக்கும் கீழே ஒரு வெல்வெட் திண்டு. திண்டுகளைத் தூக்கிவர ஒரு வேலைக்காரி. கடவுளிடம் மன்றாடும்போதுகூட மார்ஸ்டன் நகரத்துக் கரி பட்டுப் பாவாடையில் ஒட்டிவிடக் கூடாதே.

நடுவில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் மிஸஸ் கிராண்டல், மதுவிலக்குச் சங்கத் தலைவி. ஊரிலிருந்த ஒரே எஃகு ஆலை அவள் கணவனுடையது. தொழிலாளிகளின் வீடுகளும் அவனுடையவை. ஊர்க் காவலதிகாரியான ஷெரிப் டாப்ஸ் சர்க்கார் சம்பளக்காரன்தான், ஆனால் கிராண்டல் தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான்.

பாட்டு முடிந்ததும் டாப்ஸ் வந்து கதவில் பூட்டைத் தொங்கவிட்டான். அவன் வாயிலிருந்து விஸ்கி நெடி வீசியது.

"லைசென்ஸ் ரத்து, டெலியா."

"நேத்து ராத்திரி நீ குடிச்சது ரத்தாகலையா?"

டாப்ஸ் காது கேளாதவன்போல் நகர்ந்துவிட்டான்.

மிஸஸ் கிராண்டல் எழுந்து வந்து டெலியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வருத்தப்படாதேம்மா. நாளைக்கு சாயங்காலம் எங்க மண்டபத்துக்கு வா. குடிக்க மாட்டேன்னு உறுதிமொழி எடுத்து நீல ரிப்பன் குத்திக்கிட்டா போதும், மண்டபம் உன்னோடதுதான். எப்ப வேணா வரலாம், உக்காந்து பேசலாம். உங்க ஆளுங்களையும் கூட்டிட்டு வாயேன்."

மண்டபம் கட்டி ஒரு வருஷமாகிறது. இதுவரை ரிப்பன் குத்திக்கொண்டவர்கள், பிறந்ததிலிருந்து மோர்கூடக் குடிக்கத் தயங்கும் தபால்காரரும் இரண்டு பாதிரிகளும்தான். பாவம், சீமாட்டிக்குத் திருத்துவதற்கு ஆள் பஞ்சம்.

டெலியாவுக்குக் கடை போனது பெரிய கவலை இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த பெரிய அறை போனதுதான் கவலை. தொழிற்சங்கம் கூடுவதற்கு ஊரில் இருந்த ஒரே கூரை அது. கிராண்டல் கூலியைக் குறைத்துவிட்டான். சங்கத்தில் இல்லை என்று திங்கட்கிழமை ஒவ்வொருவனும் கையெழுத்துப் போட வேண்டும், போடாதவன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் எல்லாரும் ஒரு கூரையின் கீழ் கூடிக் கை தூக்கினால்தான் வேலைநிறுத்தம் செல்லும், பிட்ஸ்பர்க் தலைமைச் சங்கம் உதவும். திறந்தவெளியில் கூடினால் டாப்ஸின் ஆட்கள் தடியோடு வருவார்கள். வேறு இடம் கொடுக்க எவனுக்கும் துணிச்சல் இல்லை.

டெலியாவின் கணவன் உலை வெடித்துச் செத்தவன். அப்போது ஆலை அனுப்பிய இழப்பீடு ஒரு பன்றித் தொடை. அதை அவள் நாய்க்குப் போட்டாள்.

அன்று மத்தியானம் தொழிற்சங்கத் தலைவன் ஓவன் பிரிட்சர்ட் அவள் அடுப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உடன் நாலைந்து பேர்.

"முடிஞ்சுது அக்கா. திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டியதுதான்."

"எதுக்கு ஒப்பாரி? அந்தம்மாதான் மண்டபம் தரேங்குதே."

"அதுக்குக் குடியை விடணும்."

"விடு."

"எத்தனை நாளைக்கு?" என்று மூலையிலிருந்து ஒரு குரல்.

"ஆயுசுக்கும்."

ஓவன் தலையிலிருந்து கையை எடுத்தான்.

"அதுக்குக் கூலிக் குறைப்பே தேவலாம் போலிருக்கே," என்றது அதே குரல்.

"உன் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் கேப்போமா?" என்றாள் டெலியா.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டப வாசலில் ஆலைக் கூட்டம் மொத்தமும் நின்றது. முகம் கழுவி, தலை வாரி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு. மிஸஸ் கிராண்டலுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஏன் திடீரென்று இத்தனை பேர் என்று ஒரு கணம்கூட அவளுக்குத் தோன்றவில்லை. தன் பாட்டுக்கு அவ்வளவு சக்தி என்று நம்பிவிட்டாள். இந்த அதிசயத்தை எழுதட்டும் என்று பிட்ஸ்பர்க் பத்திரிகை நிருபனை வேறு வரவழைத்திருந்தாள்.

ஒவ்வொருவனும் உறுதிமொழி சொல்ல, மிஸஸ் கிராண்டல் தன் கையாலேயே ரிப்பன் குத்திவிட்டாள். கடைசியாக டெலியா உறுதிமொழி சொன்னாள். சாராயக்காரியே திருந்திவிட்டாள். சீமாட்டி அவளைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். டெலியா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, மண்டபம் இப்ப எங்களதுதானே?" என்று உரக்கக் கேட்டாள். "நிருபர் தம்பியும் கேட்டுக்கட்டும்."

"உங்களதேதான்."

"வெளியாள் வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்களே?"

"ரிப்பன் இல்லாதவங்க இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது. அது எங்க மதுவிலக்குச் சங்கத்தோட விதி," என்றாள் மிஸஸ் கிராண்டல் பெருமையாக.

ஓவன் மேடையில் ஏறினான். நன்றி சொல்லப் போகிறான் என்று சீமாட்டிகள் முன்வரிசையில் முதுகை நிமிர்த்தினார்கள்.

"தோழர்களே, கூலிக் குறைப்பைப் பத்தி ஓட்டெடுக்கப் போறோம்."

மிஸஸ் கிராண்டலின் சிரிப்பு அப்படியே உறைந்தது. வேலைக்காரி தெருவில் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் தடிக்காரர்களோடு டாப்ஸ் வந்து நின்றான். வாசலில் டெலியா, ஒரு கையில் ரிப்பன், இன்னொரு கையில் ஊசி.

"குத்திக்கிட்டு வா, டாப்ஸ். இனிமே ஆயுசுக்கும் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வா."

"வழியை விடு டெலியா, விளையாடாதே."

"விதி என்னுதில்ல. அந்தம்மாவைக் கேளு."

டாப்ஸ் அவள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தான். மண்டபமே மிஸஸ் கிராண்டலைப் பார்த்தது. நிருபனின் பென்சில் காகிதத்தின் மேல் காத்திருந்தது.

அவள் யோசித்தது ஆலையைப் பற்றி அல்ல. புருஷனைப் பற்றியும் அல்ல. தள்ளாடும் ஷெரிப் நுழைந்து, அவள் கையால் ரிப்பன் குத்தியவர்களின் தலைகளை உடைத்தால் நாளைப் பத்திரிகையில் என்ன வரும் என்பதுதான் அவள் கண்முன் ஓடியது. ஒரு வருஷம் காத்திருந்து கிடைத்த ஆத்மாக்கள்.

"விதி விதிதான்," என்றாள் உதடு அசையாமல். "வெளியே நில்லுங்க, ஷெரிப்."

டாப்ஸ் ஊசியை ஒரு தரம் பார்த்தான், ரிப்பனை ஒரு தரம் பார்த்தான். படியிறங்கிவிட்டான். அந்த அளவுக்கு ஆலை விசுவாசம் அவனுக்கு இல்லை.

வேலைநிறுத்தத்துக்குச் சம்மதமா என்று ஓவன் கேட்டான். கைகள் எழுந்தன. கடைசி வரிசை வரை எழுந்தன. தூக்காத கை ஒன்றும் இல்லை.

"என்னை ஏமாத்திட்டீங்க," என்றாள் மிஸஸ் கிராண்டல், டெலியாவின் காதருகே.

"எதுலம்மா? ஒருத்தராவது குடிச்சிருக்கமா? குடிக்க மாட்டோம்னோம். வேலைக்கும் போக மாட்டோம்ங்கறதை நாங்களா சேத்துக்கிட்டோம்."

நிருபன் நெருங்கி வந்தான். "மேடம், திருந்தினவங்க எத்தனை பேர்னு போடட்டும்?"

மிஸஸ் கிராண்டல் மண்டபத்தை ஒரு முறை பார்த்தாள்.

"எல்லாரும்," என்றாள்.

"வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கினவங்க?"

"அதே ஆளுங்கதான்," என்றாள் டெலியா. "பிட்ஸ்பர்க் சங்கத்துல படிக்கிற மாதிரி பெருசா போடு தம்பி."